சொல்லாமற் சொல்லும் கலை: எமா தொம்சனின் நடிப்பும் திரைக்கதையும்

நடிப்பும் எழுத்தும் இருவேறு தொழில்கள் எனக் கருதுவோரே பெரும்பாலர். நடிகன் பிறர் ஆக்கிய சொல்லைத் தன் மெய்யாலும் குரலாலும் வெளியிடுகின்றான். எழுத்தாளன் தான் மேடையேறாது பிறர் வாய்க்குச் சொல்லை வழங்குகின்றான். இவ்விரண்டையும் ஒருவரே மேற்கொண்டவிடத்தும், ஒன்று தலைமைத் தொழிலாகவும் மற்றையது துணைத் தொழிலாகவும் அமைவதே இயல்பு. இவ்வியல்புக்குப் புறனடையாக விளங்குபவர் ஆங்கில நடிகையும் திரைக்கதை ஆசிரியையுமாகிய எமா தொம்சன் அம்மையார். சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதினை 1993ஆம் ஆண்டிலும், சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஒஸ்கார் விருதினை 1996ஆம் ஆண்டிலும் அவர் பெற்றார். நடிப்பு, திரைக்கதை ஆகிய இரு துறைகளிலும் அவ்விருதினை வென்றவர் இதுவரை அவர் ஒருவரே.

விருதுகள் கலைஞர் ஒருவரின் தகுதியை நிறுவும் முடிந்த முடிபான அளவைகள் ஆகா. ஆயினும் மேற்கூறிய செய்தி ஒரு வினாவை எழுப்புகின்றது. இவ்விரு வெற்றிகளும் இருவேறு ஆற்றல்களின் பயனா, அன்றி ஓர் ஆற்றலின் இருவேறு வெளிப்பாடுகளா? அம்மையாரின் ஆக்கங்களை வரிசைப்பட நோக்குமிடத்து, இரண்டாவது விடையே பொருத்தமுடையதாகத் தோன்றும். கூர்ந்து வாசித்தல் என்னும் ஓர் ஆற்றலே அவர்பால் நடிப்பாகவும் எழுத்தாகவும் கிளைத்தது. ஒரு வாக்கியம் எதனைச் சொல்கின்றது என்பதோடு அமையாது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்பதனையும் அறியும் வாசிப்பு அது.

எமா தொம்சன் 1959ஆம் ஆண்டு ஏப்பிரில் 15ஆந் திகதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தாயார் பிலிடா லோ ஸ்கொத்லாந்து நாட்டு நடிகை. தந்தையார் எரிக் தொம்சனும் நடிகரே. ஆனால் அவரை ஆங்கில நாட்டு மக்கள் நினைவிற் கொண்டிருப்பது வேறொரு காரணம் பற்றியாகும். பிரெஞ்சு மொழியில் ஆக்கப்பட்ட சிறுவர் பொம்மைப்படத் தொடர் ஒன்றினைப் பி.பி.சி. நிறுவனம் 1965ஆம் ஆண்டு முதல் 'மஜிக் ரவுண்டபவுட்' என்னும் பெயரில் ஒளிபரப்பியது. அதற்கு ஆங்கில உரை எழுதும் பணியை ஏற்ற எரிக் தொம்சன் பிரெஞ்சு மூலத்தின் சொற்களை மொழிபெயர்த்தாரல்லர். படங்களை மட்டும் நோக்கி, அவற்றுக்கு இயைந்த புதுக் கதைகளைத் தாமே புனைந்து, தம் குரலிலேயே கூறினார். உருவம் முன்னே நிற்க, அதற்கேற்ற சொல்லைத் தேடிச் செல்லும் இத்தொழில் அவர் மகளின் பிற்காலப் பணிக்கு ஒரு முன்னுரைபோல் அமைந்தது.

இலண்டனிற் பள்ளிக் கல்வியை முடித்த எமா, கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்து நியூனம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண் எழுத்தாளர் தம் சினத்தையும் வேட்கையையும் எவ்வெவ்வாறு மறைத்து எழுதினர் என ஆராய்ந்த கில்பேட், குபார் என்னும் அமெரிக்கப் பேராசிரியைகள் இருவரின் நூல் அக்காலத்தில், 1979இல், வெளிவந்தது. அந்நூல் தம் நோக்கினை மாற்றியதென அம்மையாரே பின்னர் கூறியுள்ளார். நாகரிகமான வாக்கியத்தின் அடியில் மற்றொரு குரல் ஒலித்துக்கொண்டிருக்கக்கூடும் என்னும் உணர்வு மாணவப் பருவத்திலேயே அவருக்கு வாய்த்தது. அதே காலத்தில் 'ஃபுட்லைட்ஸ்' என்னும் பல்கலைக்கழக நகைச்சுவை நாடகக் குழுவிலும் அவர் சேர்ந்தார். பெண்கள் மட்டுமே பங்குகொண்ட அக்குழுவின் முதல் நிகழ்ச்சியை 1980இற் பிறருடன் கூடி எழுதி நடித்தார். ஸ்டீபன் ஃபிரை, ஹியூ லோரி முதலியோருடன் அவர் நடித்த நிகழ்ச்சி 1981இல் எடின்பரோ விழாவிற் பெரியர் பரிசினைப் பெற்றது. இலக்கியக் கல்வியும் நகைச்சுவை மேடையும் ஒருங்கே அமைந்த இப்பயிற்சி சிறிதன்று. முன்னையது வாக்கியத்தின் பொருளையும், பின்னையது வாக்கியத்தின் காலத்தையும் கற்பித்தது. எச்சொல்லை எக்கணத்திற் சொல்லவேண்டும், எக்கணத்திற் சொல்லாது நிறுத்தவேண்டும் என்பதை நகைச்சுவை மேடையைப்போல் உணர்த்தவல்ல பள்ளி வேறில்லை.

எனினும் எழுத்தாளராக அவர் செய்த முதற் பெருமுயற்சி தோல்வியில் முடிந்தது. 1987ஆம் ஆண்டு வெளிவந்த இரு தொலைக்காட்சித் தொடர்களுக்காகச் சிறந்த நடிகை என்னும் விருதினைப் பெற்றவர், அடுத்த ஆண்டில் 'தொம்சன்' என்னும் பெயரில் நகைச்சுவைத் தொடரொன்றைத் தாமே எழுதி நடித்தார். திறனாய்வாளர் அதனைக் கடுமையாகச் சாடினர். ஆனால் அத்தொடரிலுள்ள பழங்காலப் பின்னணி கொண்ட சிறு காட்சிகள் சிலவற்றைக் கண்ட அமெரிக்கத் தயாரிப்பாளர் லின்சே டோரன், ஜேன் ஒஸ்டினின் முதல் நாவலைத் திரைக்கதையாக்கத் தக்கவர் இவரே எனத் துணிந்தார். உலகம் தோல்வியென ஒதுக்கிய ஆக்கத்தில் ஒருவரின் கண் விதையைக் கண்டது. திரைக்கதை எதனையும் அதுகாறும் எழுதியிராத அம்மையார் அப்பணியை ஏற்றார். அவ்வெழுத்து வேலை ஐந்தாண்டளவு நீடித்தது.

அவ்வைந்தாண்டுகளும் நடிப்புத்துறையில் அவர் முதிர்ச்சி எய்திய ஆண்டுகளாகும். ஈ. எம். ஃபோஸ்ரரின் நாவலைத் தழுவிய 'ஹவர்ட்ஸ் எண்ட்' 1992இலும், கசுவோ இஷிகுரோவின் நாவலைத் தழுவிய 'த ரிமெய்ன்ஸ் ஒவ் த டே' 1993இலும் வெளிவந்தன. இரண்டனையும் இயக்கியவர் அமெரிக்கரான ஜேம்ஸ் ஐவரி. தயாரித்தோருள் தலையாயவர் பம்பாயிற் பிறந்த இஸ்மாயில் மேர்ச்சன்ற். இரண்டுக்கும் திரைக்கதை எழுதியவர் ஜேர்மனியிற் பிறந்து, இளமையில் இங்கிலாந்திற் புகலடைந்து, மணத்தின்பின் டில்லியில் இருபத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்த ரூத் பிரவர் ஜாப்வாலா. இஷிகுரோ நாகசாகியிற் பிறந்தவர். பின்னர் ஒஸ்டினின் நாவலைப் படமாக்கிய ஆங் லீ தாய்வான் நாட்டவர். ஆங்கிலேயரின் தனிப்பண்பு எனப் போற்றப்படும் அடக்கத்தை வெள்ளித்திரையிற் செவ்வனே காட்டியோர் பெரும்பாலும் ஆங்கிலேயரல்லாதார் என்பது சிந்திக்கற்பாலது. ஒரு வீட்டாரின் வழக்கத்தை வீட்டிலுள்ளோர் காணார். வாயிலில் நிற்கும் விருந்தினர் காண்பர். அவ்விருந்தினர் கண்ட அடக்கத்துக்கு உடலும் குரலும் தந்தவர் அவ்வீட்டிலேயே பிறந்த எமா தொம்சன்.

'ஹவர்ட்ஸ் எண்ட்' படத்தில் அவர் ஏற்ற மார்கிரட் ஷ்லெகல் என்னும் பாத்திரம் நடிப்பதற்கு எளியதன்று. அவள் நல்லவள், அறிவுடையவள், விட்டுக்கொடுப்பவள். இத்தகைய பாத்திரங்கள் மேடையிலும் திரையிலும் உயிரற்றுப் போவதே வழக்கம். அம்மையார் அந்நன்மையை ஓயாத ஓர் உழைப்பாகக் காட்டினார். மார்கிரட் நிறையப் பேசுகின்றாள், வேகமாகப் பேசுகின்றாள். அப்பேச்சு தன்னைச் சூழ்ந்துள்ளோரிடையே பிணக்கு நேராவண்ணம் அவள் இடையறாது இடும் பாலம் என்பது மெல்ல மெல்லப் புலனாகும். மணமாகாது கருவுற்ற தன் தங்கை ஓர் இரவு அவ்வீட்டிற் தங்குவதற்குக் கணவன் இணங்க மறுக்கும்போது அப்பாலம் முறிகின்றது. கணவனின் பழைய ஒழுக்கக்கேட்டை அவள் பொறுத்தவள். அவனோ அதே தவற்றைத் தன் மைத்துனியிடத்துப் பொறானாயினான். அவ்விடத்து மார்கிரட்டின் சினம் முழு வலிமையுடன் தாக்குவதற்குக் காரணம், அதற்கு முன்சென்ற பொறுமை முழுவதையும் அவையோர் கண்டிருத்தலேயாகும். ஒஸ்கார் விருதுக்குரியதாகிய நடிப்பு இதுவே.

'த ரிமெய்ன்ஸ் ஒவ் த டே' இதனினும் நுண்ணியது. பெருமனை ஒன்றின் தலைமைப் பணியாளனாகிய ஸ்ரீவன்ஸ் தன் கடமையன்றி வேறெதனையும் தன் உள்ளத்தில் அனுமதியாதவன். அவனை விரும்பும் மனைப்பொறுப்பாளர் மிஸ் கென்ரன் அவ்விருப்பத்தைச் சொல்லாற் கூறமுடியாதவள். அவன் தனித்திருந்து வாசிக்கும் நூல் யாதென வினவியபடி அவள் அணுகிவந்து, நூலைப் பற்றிய அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கும் காட்சி படத்தின் உயிர்நிலை. அகப்பட்டதோ எளிய காதற்கதைப் புத்தகம். அவ்விடத்துப் பேசப்படுவது புத்தகம். வினவப்படுவது அவன் உள்ளம். பிறிதொருவனை மணக்க இசைந்தபின் அவள் தனியே அழுதுகொண்டிருக்கையில், அவ்வறையுள் வரும் ஸ்ரீவன்ஸ் தூசு துடைத்தல் பற்றிய செய்தியொன்றைக் கூறி அகல்கின்றான். அன்ரனி ஹொப்கின்ஸின் அசைவற்ற முகமும் எமா தொம்சனின் நனைந்த முகமும் எதிர்ப்படும் அக்காட்சியில் உரையாடல் கதையைத் தாங்கவில்லை. உரையாடல் தவறவிட்டதே கதையைத் தாங்குகின்றது.

உள்ளத்து உணர்வு உடம்பின்கண் புலப்படுதலை மெய்ப்பாடு எனக் கொண்டு, அதனை எட்டாக வகுத்தார் தொல்காப்பியர். பெரும்பாலான நடிகர் மெய்ப்பாட்டினைத் தோற்றுவித்தலையே நடிப்பின் எல்லையாகக் கொள்வர். எமா தொம்சனின் நடிப்பிலோ மெய்ப்பாடு தோன்றுவதற்கும், தோன்றாதவாறு அதனை அடக்குவதற்கும் இடையில் நிகழும் போராட்டமே காட்சிப்பொருளாகின்றது. அழுகையைக் காட்டுதலினும் அழாதிருக்க முயல்வதைக் காட்டுதல் அரிது. பத்தாண்டு கழித்து, 2003இல் றிச்சட் கேர்ட்டிஸ் இயக்கிய 'லவ் அக்சுவலி' என்னும் இலகுவான படத்திலும் இவ்வருமை வெளிப்பட்டது. கணவனின் சட்டைப்பையிற் கண்ட பொன்னாரம் தனக்கன்று, வேறொருத்திக்கு என உணர்ந்த மனைவி, பிள்ளைகள் கீழே காத்திருக்கப் படுக்கையறையுட் செல்கின்றாள். சிறிது நேரம் நின்று அழுகின்றாள். பின் கண்ணீரைத் துடைத்து, படுக்கை விரிப்பின் மடிப்பினை நேராக்கி, மலர்ந்த முகத்துடன் வெளியே வருகின்றாள். அக்கணத்தில் அவள் வாயிற் சொல்லொன்றும் இல்லை. விரிப்பினை நேராக்கிய கையே ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கூறிவிடுகின்றது.

இவ்வடக்கத்தின் இலக்கணத்தை நன்குணர்ந்த ஒருவர் 'சென்ஸ் அன்ட் சென்சிபிலிற்றி' நாவலைத் திரைக்கதையாக்க முற்பட்டது பொருத்தமேயாகும். அறிவும் உணர்வும் எனப் பொருள்தரும் தலைப்பினையுடைய அந்நாவல் 1811இல் வெளிவந்தது. முகப்பில் ஆசிரியரின் பெயர் இல்லை; ஒரு சீமாட்டி எழுதியது என்னும் குறிப்பே இருந்தது. தந்தை இறந்தபின் சொத்துரிமை இழந்த சகோதரியருள் மூத்தவள் எலினோர் தன் துயரை மறைப்பவள்; இளையவள் மரியான் தன் துயரை மறைக்க அறியாதவள். இருவரின் காதலும் தடைப்படுகின்றன. இக்கதையைப் படமாக்குவதில் உள்ள இடர் யாது? நாவலில் எலினோரின் உள்ளத்தை வாசகர் அறிவது ஆசிரியையின் கூற்றினாலாகும். திரையில் ஆசிரியை இல்லை. எதனையும் வெளியிடாத தலைவி ஒருத்தியைக் கமெராவின்முன் நிறுத்திவிட்டு, அவள் உள்ளத்தை அவையோர் அறியுமாறு செய்வதெங்ஙனம்?

தமிழிலே உரையாசிரியர் மூலத்துக்குச் செய்யும் பணியை இங்கு நினைவுகூரலாம். நல்ல உரையாசிரியன் மூலத்தின் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்பவனல்லன். விளங்கியதை விடுப்பான், சுருங்கியதை விரிப்பான், மூலத்தில் எஞ்சி நிற்பதை வருவித்து முடிப்பான். தழுவல் திரைக்கதையும் இவ்வகையில் ஓர் உரையே. எமா தொம்சனின் திரைக்கதையை நாவலோடு ஒப்புநோக்குவார்க்கு இம்மூன்று செயல்களும் தெளிவாகத் தோன்றும்.

முதலாவது, விடுத்தல். நாவலில் வரும் மிடில்ரன் சீமாட்டி படத்தில் இல்லை. லூசி ஸ்ரீலின் தமக்கையும் இல்லை. நாவலில் லூசியின் இரகசிய மணவுறுதியை வாய்தவறி வெளியிடுபவள் அத்தமக்கையே. படத்தில் லூசி தானே அதனை ஃபனியிடம் கூறி அகப்பட்டுக்கொள்கின்றாள். பாத்திரம் ஒன்று குறைந்ததோடு, தன் சூழ்ச்சியாலேயே தான் சிக்கும் லூசியின் இயல்பும் கூர்மை பெற்றது.

இரண்டாவது, விரித்தல். நாவலிற் பெயரளவில் நிற்கும் கடைசித் தங்கை மார்கிரட் படத்தில் உயிர்பெற்றாள். எலினோரைக் காதலிக்கும் எட்வேட் நாவலின் தொடக்கத்தில் ஆசிரியையின் விளக்கத்தால் மட்டுமே நல்லவனாக அறிமுகமாகின்றான். திரைக்கதையில், நூலக மேசையடியில் ஒளிந்திருக்கும் சிறுமியை வெளியே வருவிக்க, நைல் நதியின் ஊற்று எங்குள்ளதென எலினோருடன் வேண்டுமென்றே பிழைபடப் பேசுகின்றான். பொறுக்கமாட்டாத சிறுமி உள்ளிருந்து திருத்துகின்றாள். அவனுடைய பரிவும், அப்பரிவை எலினோர் கண்டுகொண்டதும் ஒரு விளையாட்டில் அடங்கிவிட்டன. ஒஸ்டினின் நூலில் இக்காட்சி இல்லை. ஆனால் ஒஸ்டின் கூறியதற்கு இதனினும் நல்லுரை காண்பதரிது.

மூன்றாவது, எஞ்சியதை வருவித்தல். நாவலின் இரண்டாம் அதிகாரத்தில், தங்கையர்க்கு 3000 பவுண் கொடுக்க எண்ணிய ஜோன் டாஷ்வூட்டை அவன் மனைவி ஃபனி படிப்படியாகக் கீழிறக்கி, ஒன்றுங் கொடாதவாறு செய்யும் உரையாடல் புகழ்பெற்றது. திரைக்கதை ஆசிரியை அதனைச் சிறு துண்டுகளாக்கிப் பயணத்தினூடே பரப்பினார். வண்டி முன்னேற முன்னேறத் தொகை குறைகின்றது. பொருளில்லாத பெண்ணின் நிலையை அம்மையார் இதனோடும் விடவில்லை. எட்வேட்டும் எலினோரும் குதிரைமீது செல்லுங்கால், வேலையற்றிருத்தல் பற்றி அவன் குறைகூறுகின்றான். அவனுக்குப் பரம்பரைச் செல்வமாவது வரும், தங்களுக்கு உழைத்துத் தேடவும் வழியில்லை என அவள் அமைதியாக விடையிறுக்கின்றாள். நாவலில் இவ்வாசகம் இல்லை. ஆனால் நாவல் முழுவதும் இவ்வாசகத்தின்மீதே நிற்கின்றது.

இவற்றுள் எல்லாம் தலையாயது இறுதிக் காட்சி. எட்வேட் வேறொருத்தியை மணந்துவிட்டான் என நம்பியிருந்த எலினோர், அச்செய்தி பிழையென அவன் வாயிலிருந்தே அறிகின்றாள். நாவலில் அவள் அறையைவிட்டு விரைந்து வெளியேறி, கதவு மூடியபின் மகிழ்ச்சியால் அழுகின்றாள். திரைக்கதையிலோ அவள் அங்கேயே அமர்ந்திருக்கின்றாள். தாயும் தங்கையரும் வெளியேறுகின்றனர். இதுகாறும் அடக்கிய யாவும் ஒரே கணத்திற் பெருங்கேவலாக வெளிப்படுகின்றன. அக்கேவல் அழகியதன்று, நகைப்பையும் விளைவிக்கும். மூலத்தின் ஆசிரியை மூடிய கதவினைத் திரைக்கதை ஆசிரியை திறந்தமை மரபு மீறல் என ஒருவர் கூறக்கூடும். ஆயினும் மூலத்தில் அழுகை உண்டு. அவ்வழுகையை வாசகர் அறிவதும் உண்டு. கதவுக்கு அப்பால் வாசகரை அழைத்துச்சென்ற ஆசிரியையின் கூற்று திரையில் இல்லாதவிடத்து, கதவைத் திறத்தலே வழி. அக்கேவலை எழுதியவரும் கேவியவரும் ஒருவரே. இரு கலைகளும் ஒன்றாய் முடிந்த இடம் அது.

இனி, இத்திரைக்கதையின் குறைகளையும் கூறுதல் முறை. நாவலில் மரியான் நோயுற்றுக் கிடக்கும் இரவில், அவளைக் கைவிட்ட வில்லபி வந்து எலினோரிடம் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நீண்ட அதிகாரம் ஒன்றுண்டு. அறிவே உருவான எலினோர் அத்தீயோன்மீது இரக்கங்கொள்ளும் அவ்விடம் நாவலின் ஆழங்களுள் ஒன்று. படத்தில் அது நீக்கப்பட்டது. குன்றின்மேற் குதிரையிலிருந்து திருமணத்தை நோக்கும் வில்லபியின் தோற்றம் அதற்கு ஈடாக வைக்கப்பட்டது. தோற்றம் அழகியது, ஆனால் எலினோரின் தடுமாற்றம் மறைந்தது. மேலும், மரியான் முதியவராகிய பிரான்டன் படையதிகாரியை மணத்தலை ஒஸ்டின் சில வாக்கியங்களிற் கூறிச் செல்கின்றார். அவ்விரைவில் ஒரு கசப்பு உண்டு. எல்லோரும் சேர்ந்து மரியானை அவருக்குரிய பரிசாக்கிவிட்டனர் என்பது அதன் குறிப்பு. திரைக்கதை பிரான்டனை இசையும் கவிதையும் அறிந்த காதலனாக உயர்த்தி, அலன் றிக்மனின் ஆழ்ந்த குரலில் அவனை அவையோர்க்கு இனியவனாக்கியது. மகிழ்ச்சி மிகுந்தது, மூலத்தின் கசப்பு கரைந்தது. நாவலை வாசியாது படத்தை மட்டும் காண்போர் இழப்பது இதனையே. உரை எத்துணை நன்றாயினும் மூலத்தை வாசிக்கும் கடமையிலிருந்து மாணவரை விடுவிப்பதன்று.

தழுவல் உரையே எனின், அவ்வுரைத்திறன் தன் உச்சியை எட்டியது 2001ஆம் ஆண்டு 'விற்' என்னும் தொலைக்காட்சிப் படத்தில் எனலாம். மார்கிரட் எட்சனின் புலிற்சர் பரிசு பெற்ற நாடகத்தை இயக்குநர் மைக் நிக்கல்ஸுடன் சேர்ந்து திரைக்கதையாக்கிய அம்மையார், அதில் விவியன் பெயரிங் என்னும் பேராசிரியையாகவும் நடித்தார். பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் ஜோன் டன்னின் பாக்களை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட அப்பேராசிரியை, முற்றிய சூலகப் புற்றுநோயாற் பீடிக்கப்பட்டு மருத்துவமனையிற் கிடக்கின்றார். மரணம் பற்றிய டன்னின் பாடலில் ஓரிடத்து நிற்கவேண்டியது அரைப்புள்ளியா, காற்புள்ளியா என மாணவப் பருவத்தில் ஆசிரியை தம்மைத் திருத்தியதை அவர் நினைவுகூர்கின்றார். வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே எத்துணை இடைவெளி என்பதே அக்குறியின் பொருள். அன்று அது அறிவுக்கு எட்டிய செய்தி. இன்று அது உடம்புக்கு எட்டிய செய்தி.

இப்படம் கல்வித்துறையினர்க்குத் தனிச்சிறப்புடையது. பெயரிங் தம் மாணவரிடத்து இரக்கமின்றி நடந்தவர். அவரைப் பரிசோதிக்கும் இளமருத்துவன் அவருடைய பழைய மாணவன். அவர் பாடலை ஆராய்ந்த அதே தண்ணிய நோக்குடன் அவன் அவர் உடலை ஆராய்கின்றான். கற்பித்தது திரும்பி வந்தது. கல்வியறிவு அதிகம் இல்லாத தாதி ஒருத்தியின் கைப்பரிவே இறுதியில் அவருக்குத் துணையாகின்றது. அறிவு வேண்டா என்பதன்று இதன் கருத்து. பரிவினின்றும் பிரிந்த அறிவு தன்னை உடையாரையே கைவிடும் என்பதே. தலைமயிரை மழித்துக்கொண்டு, கமெராவை நேரே நோக்கிப் பேசும் எமா தொம்சன் அங்கு எவ்வித அழகையும் துணைக்கொள்ளவில்லை. ஓர் எள்ளற் புன்னகை தேய்ந்து தேய்ந்து மறைவதே நடிப்பாக அமைந்தது.

பிற ஆக்கங்களுட் சில விதந்து கூறத்தக்கன. கிறிஸ்ரியானா பிரான்ட்டின் சிறுவர் கதைகளைத் தழுவி 2005இலும் 2010இலும் அவர் எழுதி நடித்த 'நனி மக்ஃபீ' படங்களிற் செவிலி ஒருத்தியின் விகார முகம், பிள்ளைகள் திருந்துந்தோறும் செம்மையுறுகின்றது. மாற்றம் நிகழ்ந்தது அவள் முகத்திலா, பிள்ளைகளின் பார்வையிலா என்பதைப் படம் சொல்லாது விடுகின்றது. மேரி பொப்பின்ஸ் கதைகளை எழுதிய பி. எல். ட்ரவேர்ஸாக 2013இல் நடித்தபோது, தன் சொல்லைப் பிறர் தழுவலுக்குக் கையளிக்க அஞ்சும் எழுத்தாளரின் துயரைக் காட்டினார். தழுவலாசிரியையே மூலாசிரியையின் பக்கம் நின்று வழக்குரைத்த காட்சி அது. 2018இல் அவருக்கு 'டேம்' என்னும் சிறப்புப்பட்டம் வழங்கப்பட்டது. நடிகையர்க்கு நடுத்தர வயதின்பின் பாத்திரங்கள் அருகுவதே திரையுலக வழக்கமாக இருக்க, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தியின் தனிமையை 2022இல் தயக்கமின்றி நடித்துக் காட்டினார். இவற்றோடு ஒப்பிடுமிடத்து, மூலநூல் ஒன்றன் துணையின்றிப் பிறருடன் சேர்ந்து எழுதிய 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' (2019) தாழ்ந்தே நிற்கும். அங்கு உணர்ச்சிகள் அடக்கப்படுவதில்லை, அறிவிக்கப்படுகின்றன. எதிர்நின்று வாசிப்பதற்கு ஒரு மூலம் இருக்கும்போதே அவருடைய எழுத்து முழு வலிமை பெறுகின்றது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இதனைக் குறையெனக் கொள்ளல் வேண்டுவதில்லை. புதியன படைப்போர் இலக்கியத்துக்கு வேண்டப்படுவர். படைத்ததை வாசிக்கக் கற்பிப்போரும் வேண்டப்படுவர். ஒஸ்கார் விருதினைப் பெற்ற இரவில் எமா தொம்சன் அவையினர்க்கு ஒரு செய்தி கூறினார். அங்கு வருமுன், வின்செஸ்ரர்ப் பேராலயத்திலுள்ள ஜேன் ஒஸ்டினின் கல்லறைக்குச் சென்று வணக்கஞ் செலுத்தியதோடு, படத்தின் வசூலையும் அறிவித்து வந்ததாக நகைச்சுவையுடன் மொழிந்தார். அக்கல்லறையின் பழைய கல்வெட்டு ஒஸ்டினின் குணத்தையும் மனவளத்தையும் போற்றுகின்றது. அவர் நாவல் எழுதியவர் என்பதனை ஓரிடத்தும் கூறவில்லை. பெயரின்றி நூலை வெளியிட்டவர், தொழில் கூறப்படாத கல்லின்கீழ்த் துயில்கின்றார். அவர் எழுதாது விட்ட இடங்களையும் வாசித்தறிந்த மற்றொரு பெண், நூற்றெண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின் உலகறிய அப்பெயரைக் கூறிப் பரிசு பெற்றார். நல்ல வாசகர் ஒருவர் நல்ல ஆசிரியர்க்குச் செய்யத்தக்க கைம்மாறு அதுவேயாகும்.